பலகையில் மட்டும் தெரிந்த மலைகள்

அந்தக் காட்சி முனையில் ஓர் இரும்புப் பலகை இருந்தது. எதிரே தெரியும் மலைத்தொடரைக் கோட்டோவியமாகப் பொறித்து, ஒவ்வொரு சிகரத்தின் தலைக்கு மேலும் அதன் பெயரையும் உயரத்தையும் எழுதி வைத்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்த காலையில் பலகை இருந்தது, மலைத்தொடர்தான் இல்லை. கம்பித் தடுப்புக்கு அப்பால் பழுப்பும் வெள்ளையும் கலந்த ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை மேகம் என்று சொல்ல முடியாது, மேகத்துக்கு விளிம்பு உண்டு. இதற்கு விளிம்பும் இல்லை, அசைவும் இல்லை.

எங்களுக்கு முன்னால் ஒருவர் தன் சின்னப் பெண்ணைத் தூக்கிப் பிடித்து, பலகையில் இருந்த கோடுகளைத் தொட்டுக் காட்டி, "இதோ, இதுதான் அங்க இருக்கு" என்றார். அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள். பிறகு எதிரே பார்த்தாள். மறுபடியும் பலகையைப் பார்த்தாள். பாவம், அப்பா பொய் சொல்கிறார் என்று நினைத்திருப்பாள்.

நெருப்பு அங்கே இல்லை. எந்த மரமும் எரியவில்லை. எரிந்துகொண்டிருந்த காடு எங்களிடமிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, இரண்டு மலைத்தொடர்களுக்கு அப்பால் இருந்தது. இதைத்தான் நான் அதுவரை சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. காட்டுத்தீ என்றால் அது பிடித்த இடத்தில் இருக்கும், நாம் வேறு இடத்துக்குப் போய்க்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு மனதில் இருந்தது. தீக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். புகைக்குப் பொருந்தாது.

நாங்கள் மூன்று பேர். நான், என் தோழி, அவளுடைய தம்பி. எட்டு மாதம் முன்பே அனுமதிச்சீட்டு எடுத்து, விடுப்பு வாங்கி, ஐந்து நாள் நடைக்குப் போட்ட திட்டம் அது. தோழிக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. ஆனால் மலைக்காற்றில் அது அவளைத் தொந்தரவு செய்ததே இல்லை. "எனக்கு ஊர்லதான் இழுக்கும், மலையில நான் ராணி" என்பாள். முதல் நாள் மதியம் சூரியன் செம்பு நிறத்துக்கு வந்தபோது மூன்று பேரும் நின்று போட்டோ எடுத்தோம். இப்போது அந்தப் படங்களைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. அழகாக வேறு வந்திருக்கிறது.

அந்தச் சிவப்புக்குக் காரணம் சாதாரணமானது. புகைத்துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்துவிடுகின்றன, சிவப்பு மட்டும் நேராக நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. துகள்கள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட அளவில் அமைந்துவிட்டால் கதை தலைகீழாகவும் மாறும். 1950 செப்டம்பரில் கனடாவின் மேற்கே எரிந்த பெருங்காட்டின் புகை அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனது. அப்போது ஐரோப்பாவில் சூரியனும் நிலவும் நீலமாகத் தெரிந்தன. என்ன ஏது என்று தெரியாமல் மக்கள் மிரண்டுபோனார்கள். புகை எவ்வளவு தூரம் போகும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அன்று இரவு ஒரு ஏரிக்கரையில் டென்ட் போட்டோம். கிண்ணம் மாதிரி சுற்றிலும் மலை, நடுவில் தண்ணீர். பகலில் புகை லேசாகத்தான் இருந்தது, மேலே எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. நள்ளிரவுக்கு மேல் எனக்கு விழிப்பு வந்தது. யாரோ பக்கத்தில் ஈர விறகை எரிப்பதுபோல வாசம். டென்ட்டுக்கு வெளியே தலையை நீட்டி ஹெட்லேம்ப்பைப் போட்டேன். ஒளிக்கற்றை ஒரு கழி மாதிரி நேராக நீண்டு, பத்தடியில் முடிந்துவிட்டது. அந்தக் கழிக்குள் துகள்கள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தோழி தூக்கத்திலேயே இருமிக்கொண்டிருந்தாள்.

மலைகளில் இது தினமும் நடக்கிற விஷயம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பகலில் வெயில் பட்ட சரிவுகள் சூடாகி, காற்று மேல்நோக்கி ஏறும். புகையும் அதோடு ஏறிவிடும். சூரியன் இறங்கியதும் தரை குளிர்கிறது, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போய்ச் சரிவு வழியாகத் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதற்கு மேலே சற்றே வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். அந்த மூடிக்குக் கீழே மாட்டிய புகைக்குப் போக வழியில்லை. மறுநாள் வெயில் ஏறித் தரையைச் சூடாக்கி மூடியை உடைக்கும்வரை, சில நாள் நண்பகல்வரைகூட, அப்படியே கிடக்கும். புகையே கனமாக இருந்துவிட்டால் வெயில் தரைக்கு வராது, மூடியும் உடையாது, நாள் கணக்கில் அப்படியே நிற்கும். அதாவது புகைக்காலத்தில் கூடாரம் அடிக்கவே கூடாத இடம் எதுவோ, அதைத்தான் நாங்கள் தேடித் தேடிப் பிடித்திருந்தோம். அழகான ஏரிகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட பள்ளங்களில்தான் இருந்து தொலைக்கின்றன. அன்று முகட்டுக்கு ஏறியிருந்தால் கீழே புகைக்கடல், மேலே நட்சத்திரம் என்று கிடைத்திருக்கலாம்.

இன்னொன்று, மலையில் நம் மூச்சு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்று உள்ளே போகிறது. முதுகில் மூட்டையோடு ஏற்றத்தில் போகும்போது அது 40, 50 லிட்டரைத் தொட்டுவிடும். வாய் வழியாக வேறு மூச்சு விடுவோம், மூக்கு செய்கிற வடிகட்டும் வேலையும் போச்சு. காட்டுப்புகையில் மோசமானவை 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள்கள். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய், அங்கிருந்து ரத்தத்துக்குள்ளும் இறங்கக்கூடியவை. நகரத்தில் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் மலையில் ஏறுபவரும் ஒரே அளவு கெட்ட காற்றில் இருந்தாலும், உள்ளே போகிற விஷம் ஒரே அளவு இல்லை. உடம்புக்கு நல்லது என்று நாம் போகிற இடத்தில், உடம்புக்கு நல்லது என்று செய்கிற காரியமே புகையை ஐந்தாறு மடங்கு உள்ளே இழுக்கிறது.

காலையில் தம்பி போனில் சிக்னல் தேடி ஒரு பாறை மேல் ஏறி, காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டு உற்சாகமாக இறங்கி வந்தான். "அக்கா, பச்சைதான் காட்டுது, ஒண்ணும் பிரச்சினையில்ல!" எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. உடனே நம்பினேன். அந்த எண்ணைக் கொடுத்த கருவி மலைக்கு அந்தப் பக்கம், வேறொரு பள்ளத்தாக்கில் இருந்த ஊரில் இருந்தது. நடுவில் ஒரு முகடே நிற்கிறது என்பது மூன்று பேருக்குமே தோன்றவில்லை. கருவிகள் மக்கள் இருக்கிற இடத்தில்தான் இருக்கும், மலைக்குள் அநேகமாக இருக்காது. அங்கே கண்தான் கருவி. தூரம் தெரிந்த ஒரு மலையை அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். எட்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பது தெரியவில்லை என்றால் குழந்தைகள், முதியவர்கள், மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் வெளியே அலையக் கூடாது. ஒன்றரை கிலோமீட்டரில் இருப்பதே தெரியவில்லை என்றால் யாருமே இருக்கக் கூடாது. உலர்ந்த காற்றில்தான் இந்தக் கணக்கு சரிவரும், பனிமூட்டத்தில் ஏமாற்றும். ஆனாலும் முகட்டுக்கு அந்தப் பக்கத்து எண்ணை நம்புவதற்கு இது எவ்வளவோ மேல்.

நான் அன்று செய்ததை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். தோழி காலையில் இன்ஹேலரை இரண்டு முறை எடுத்தாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "கணவாய் வரைக்கும் போய்ப் பார்ப்போம், மேலே போனா தெளிஞ்சுடும்" என்றேன். எட்டு மாதக் காத்திருப்பு பேசுகிறது என்பது எனக்கே தெரிந்தது. ஏற்றத்தில் பாதியில் அவள் ஒரு பாறையில் கை ஊன்றி நின்றாள். உட்காரவில்லை, நின்றாள். உட்கார்ந்தால் மூச்சு இன்னும் அடைக்கும் என்பது அவளுக்குப் பழக்கம். மூன்றாவது முறை இன்ஹேலரை எடுத்துவிட்டு, "போதும்டி, இறங்கலாம்" என்றாள். அதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இறங்கும் வழியில்தான் அந்தக் காட்சி முனைக்குப் போனோம். பலகையும், அப்பாவும், பெண்ணும்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதலில் கண்ணில் பட்டது, புகை மட்டுமே ஒரு மலையை மூடிவிடும் என்பதுதான். 2020 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவை மூடினார்கள். சுற்றுவட்டாரத் தீக்களின் புகை வந்து நிறைந்து மூச்சுவிட முடியாமல் போனதுதான் காரணம். ஒரு வாரத்துக்கும் மேல் கழித்துத்தான் திறந்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2018 ஜூலையில், பக்கத்திலேயே பற்றிய தீயால் யோசெமிட்டி பள்ளத்தாக்கைக் கோடை உச்சத்தில் மூன்று வாரம் மூட வேண்டியிருந்தது. மலைவாசத் தலங்களில் வருடச் சம்பாத்தியமே அந்தச் சில வாரங்களில்தான். அறை கொடுப்பவர், வழிகாட்டி, குதிரை வைத்திருப்பவர் எல்லாருக்கும் அந்த மூன்று வாரம் போனால் அந்த வருடமே போன மாதிரி. தீ அவர்கள் கட்டிடத்தைத் தொட்டிருந்தால் காப்பீடாவது கேட்கலாம். புகையைக் காட்டி யாரிடம் போய் என்ன கேட்பது?

புகை மறைக்கிற இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. மீட்பு ஹெலிகாப்டர். காலை உடைத்துக்கொண்டால் மேலிருந்து வந்து தூக்கிப் போவார்கள் என்ற நம்பிக்கையில்தான் நம்மில் பலர் உயரத்துக்குப் போகிறோம். விமானிக்குக் கண் தெரிந்தால்தான் அது நடக்கும். 2020 செப்டம்பர் முதல் வாரக் கடைசியில், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் மேமத் பூல் என்ற நீர்த்தேக்கத்துக்கு விடுமுறைக் கூட்டம் போயிருந்தது. கிரீக் என்று பெயரிட்ட காட்டுத்தீ ஒரே நாளில் பாய்ந்து வந்து, வெளியேறும் ஒரே சாலையை அடைத்துவிட்டது. மக்கள் தண்ணீர் ஓரத்தில் ஒடுங்கி நின்றார்கள். தேசியக் காவல் படையின் ஹெலிகாப்டர்கள் இரவில், இரவுக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, புகைக்குள் புகுந்து இருநூறு பேருக்கும் மேல் ஏற்றிக்கொண்டு வந்தன. அந்த விமானிகளுக்குப் பிறகு வீரப்பதக்கம் கொடுத்தார்கள். பதக்கம் கொடுக்கும் அளவுக்கு அது ஆபத்து என்றால், வழக்கமான நாளில் அப்படி யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தீயே வந்துவிட்டால் மலையில் நம் உள்ளுணர்வு நமக்கு எதிராக வேலை செய்கிறது. வெள்ளம் வந்தால் மேலே ஏறு என்று பழகியிருக்கிறோம். தீ வந்தாலும் கால் தானாக மேலேதான் போகும். ஆனால் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சுடர் சரிவின் மீதே சாய்ந்து, அடுத்துள்ள புல்லையும் சருகையும் முன்கூட்டியே வறுத்து வைத்துவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது தீயணைப்பவர்களின் கைக்கணக்கு. குறுகலான ஓடைப் பள்ளமாக இருந்தால் அது புகைபோக்கி மாதிரி உறிஞ்சி இழுக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் நடந்தது தமிழ் படிக்கிற யாருக்கும் மறந்திருக்காது. கொழுக்குமலைப் பக்கம் மலையேற்றம் போய்த் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு குழுக்களைக் காய்ந்த உயரப் புல்லில் வந்த தீ சுற்றி வளைத்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். பெரிய மரம் எரிந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம், ஆனால் புல்தான் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடுகிறது. புல்வெளிச் சரிவில் நடக்கும்போது இப்போதெல்லாம் பாறை எங்கே, வெட்டவெளி எங்கே, ஏற்கெனவே எரிந்து கருகிய திட்டு எங்கே என்று கண் தானாகத் தேடுகிறது. முழுதாக எரிந்து தீர்ந்த இடத்தில் மறுபடி எரிய ஏதும் மிஞ்சாது என்பதால் அப்படிக் கருகிய தரைதான் அடைக்கலம்.

தீயை வைப்பது யார் என்ற கேள்விக்குப் பதில் நமக்குப் பிடிக்காது. மின்னலும் வைக்கும். ஆனால் அமெரிக்கக் கணக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 தீ மனிதரால் வருகிறது. 2017 செப்டம்பர் 2 அன்று ஓரிகான் மாநிலத்தில் ஈகிள் கிரீக் என்ற பிரபலமான நடைப்பாதையில் 15 வயதுப் பையன் ஒருவன் பட்டாசைப் பள்ளத்துக்குள் எறிந்தான். சுமார் 150 பேர் திரும்பும் வழி அடைபட்டு, இரவெல்லாம் காட்டிலேயே இருந்து, மறுநாள் வேறு வழியாக நடந்து வெளியே வந்தார்கள். பாதை மூன்று வருடத்துக்கும் மேல் மூடிக் கிடந்தது. நீதிமன்றம் அந்தப் பையனுக்கு விதித்த இழப்பீடு 3 கோடியே 60 லட்சம் டாலருக்கும் அதிகம். அவ்வளவு பணத்தைக் கட்டிவிட முடியாது என்பது நீதிபதிக்கும் தெரிந்திருக்கும். பையனைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. நான் கல்லூரி நாட்களில் அணைத்துவிட்டேன் என்று நினைத்து விட்டுவந்த முகாம்தீக்கள் எத்தனை? தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கடைசியில் கையை வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்று உறுதி செய்திருக்கிறேனா? ஒன்றிரண்டு முறை செய்திருப்பேன். மற்ற சமயங்களில் எனக்கு வாய்த்தது அதிர்ஷ்டம்.

இந்தப் பின்னணியில்தான் மூடிய காடுகளைப் பற்றிய என் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. 2021 ஆகஸ்ட் 31 நள்ளிரவிலிருந்து கலிபோர்னியாவின் தேசியக் காடுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இரண்டு வாரத்துக்கு மேல் மூடினார்கள். எரிகிற காட்டை மட்டுமல்ல, எரியாத காட்டையும். "அங்கதான் தீயே இல்லையே, எதுக்கு மூடணும்?" என்று நடைக்காரர்கள் கொதித்தார்கள், நானும் இருந்திருந்தால் கொதித்திருப்பேன். ஆனால் தீயணைப்பவர்கள் அத்தனை பேரும் ஏற்கெனவே வேறெங்கோ நின்றுகொண்டிருந்தார்கள். புதிதாக ஒரு தீ பிடித்தால் அனுப்ப ஆளில்லை. மாட்டிக்கொள்ளும் என்னை மீட்க வருகிற குழு அங்கே ஒரு ஊரை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

மலை ஊர்களுக்குச் சாலை குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கனடாவின் ஜாஸ்பர் தேசியப் பூங்காவில் 2024 ஜூலை 22 இரவு வெளியேறும் உத்தரவு வந்தபோது, ஊர்க்காரர்களும் சுற்றுலா வந்தவர்களுமாகச் சுமார் 25,000 பேர் உள்ளே இருந்தார்கள். நட்ட நடு இரவில், புகைக்குள், வண்டிகள் வரிசையாக ஊர்ந்து வெளியேறின. இரண்டு நாளில் தீ ஊருக்குள் நுழைந்தது, கட்டிடங்களில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அவ்வளவு பேர் வெளியேறியும் வெளியேற்றத்தில் ஒருவர்கூட சாகவில்லை. உத்தரவு வந்ததும் "காலையில் பார்க்கலாம்" என்று தூங்கப் போகாதவர்கள் அவர்கள். கணவாய் வரை போய்ப் பார்க்கலாம் என்று சொன்ன நான் அந்த வரிசையில் எங்கே நின்றிருப்பேன் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

பனிச்சறுக்கு இடங்களுக்கும் காட்டுத்தீக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் நினைத்தேன். 2021 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் டாஹோ ஏரியை நோக்கிக் கால்டோர் என்று பெயரிட்ட தீ வந்தபோது, செயற்கைப் பனி தூவும் பீரங்கிகளைச் சறுக்குதளக்காரர்கள் தண்ணீர் பீய்ச்சத் திருப்பினார்கள். கோடையில் கட்டிடங்களை நனைக்கப் பனிப்பீரங்கி! அப்படியும் சியரா அட் டாஹோ என்ற சறுக்குதளத்தில் காடும் இழுவைக் கம்பிகளும் நாசமாகி, அந்தப் பனிக்காலம் ஏறக்குறைய முழுதுமே தொழில் இல்லை. ஆஸ்திரேலியாவின் செல்வின் சறுக்குதளம் 2020 ஜனவரியில் எரிந்துபோய், 2023இல்தான் மறுபடி திறந்தது. எரியாமல் தப்பிய சறுக்குதளங்களுக்கும் வேறு கணக்கு காத்திருக்கிறது. கருகிய காட்டிலிருந்து கரித்தூள் பனிமேல் உதிர்ந்துகொண்டே இருக்கும். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், அழுக்குப் பனி அதைக் குடிக்கும். மேலே நிழல் தர மரமும் இல்லை. தீ அணைந்து வருடங்கள் ஆன பிறகும் அந்தப் பனி முன்கூட்டியே உருகுகிறது.

தீக்குப் பிந்தைய மலையைப் பற்றி நான் படித்ததைவிட நடந்து கண்டது அதிகம். இரண்டு வருடம் கழித்து அதே தோழியோடு, மூன்றாண்டுகளுக்கு முன் எரிந்த ஒரு காட்டு வழியே ஒரு நாள் நடந்தேன். முதலில் உறைத்தது வெயில். வரைபடத்தில் அடர்ந்த காடு என்று பச்சை பூசிய இடத்தில் நிழலே இல்லை. அடுத்தது சத்தம். கருகி நின்ற மரங்களின் பட்டை காற்றில் தகடு மாதிரி கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. தொட்ட இடமெல்லாம் கரி, மாலையில் பார்த்தால் என் சட்டையின் இடது தோளில் மட்டும் ஏழெட்டுக் கோடு. இடது பக்கம் சாய்ந்து நடக்கும் பழக்கம் எனக்கு இருப்பது அன்றுதான் தெரிந்தது.

அங்கே நடக்கத் தனி ஜாக்கிரதை வேண்டும். செத்து நிற்கிற மரம் காற்றே இல்லாதபோதும் சாயும். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் தலைமேல் இருக்கும். அதன் கீழே உட்காரக்கூட கூடாது, டென்ட் பற்றிப் பேச்சே இல்லை. தரைக்குக் கீழே வேர்கள் மாதக்கணக்கில் கனன்று எரிந்து போயிருக்கும், மேலே மண் மூடியிருக்கும், கால் வைத்தால் முழங்கால்வரை உள்ளே போகும். தோழியின் காலுக்கு அது நேர்ந்தது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. எல்லாவற்றையும்விடப் பயங்கரம் மழை. கடுமையான தீயில் மண்ணின் மேற்பரப்பில் மெழுகு பூசியதுபோல ஒரு படலம் உருவாகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிகிறது. பிடித்து நிறுத்த வேரும் இல்லை. அரை மணி நேர மழையில் சேறும் பாறையும் மரமுமாகப் பள்ளத்தில் பாய்ந்து வரும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஹாங்கிங் லேக் என்ற ஏரியை 2020 ஆகஸ்டின் தீ தொடாமல் சுற்றிக்கொண்டு போனது, எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அடுத்த வருடம் ஜூலையில் மழை வந்து, ஏரிக்குப் போகும் பாதையைப் புதைத்துவிட்டது.

எரிந்த காடு மறுபடி துளிர்க்கும் என்று எழுதி முடித்துவிடுவது இந்த விஷயத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. பாதி உண்மை. 1988இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 36 சதவீதம் தீயின் பிடியில் சிக்கியபோது, இனி யார் வருவார்கள் என்று புலம்பினார்கள். 25,000 பேர் போராடியும் அடங்காத தீயைச் செப்டம்பரில் விழுந்த பனி அடக்கியது. அங்குள்ள ஒரு பைன் வகையின் கூம்புகள் பிசினால் ஒட்டிக் கிடந்து, தீயின் சூட்டில்தான் வாய் திறக்கும். அவை திறந்து உதிர்த்த விதைகள் முளைத்து, இன்று ஆள் நுழைய முடியாத அடர்த்தி. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் 2020இல் கலிபோர்னியாவில் ஒரே தீ, பெரிய செக்கோயா மரங்களில் பத்தில் ஒன்றுக்கும் மேல் கொன்றது. ஆயிரம் இரண்டாயிரம் வருடம் எத்தனையோ தீயைத் தாங்கிய மரங்கள் அவை. அவை திரும்பி வரும் என்று எந்தக் கணக்கில் சொல்வது?

வித்தியாசம் எங்கே என்று தேடினால், பல இடங்களில் நாம் அணைத்த தீக்களில்தான் வந்து நிற்கிறது. 1935இல் அமெரிக்க வனத்துறை ஒரு விதி வைத்தது: எங்கே தீ தெரிந்தாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கியாக வேண்டும். பல பத்தாண்டுகள் அதைப் பிடிவாதமாகச் செய்தார்கள். சின்னச் சின்னத் தீயாக எரிந்து தீர்ந்திருக்க வேண்டிய சருகும் புதரும் குட்டி மரங்களும் அப்படியே சேர்ந்தன. அப்புறம் வெப்பமும் வறட்சியும் கூடியபோது எல்லாம் சேர்த்து எரிந்தது. ஜாஸ்பர் பள்ளத்தாக்கிலும் நூறு வருடத் தீத்தடுப்பும் வண்டு அரித்துச் சாய்த்த பைன் மரங்களும் சேர்ந்துதான் அவ்வளவு விறகைக் குவித்து வைத்திருந்தன. இப்போது பல நாடுகளில் ஈரப்பதம், காற்று எல்லாம் பார்த்து வேண்டுமென்றே சிறு தீ வைத்து அந்தச் சுமையைக் குறைக்கிறார்கள். பழங்குடிகள் காலங்காலமாகச் செய்து வந்ததுதான், நடுவில் சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள்.

இதற்கு வருகிற எதிர்ப்புகளில் ஒன்று யாருடையது தெரியுமா? நம்முடையதுதான். விடுமுறைக்கு வந்த இடத்தில் புகை, காட்சி கெட்டது, அறைக்காசைத் திருப்பிக் கொடு என்று. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், இரண்டு நாள் லேசான புகையை வாங்கிக்கொண்டு காட்டை எரிக்க விடலாம் என்பதே என் பக்கம். முன்கூட்டியே தேதி சொல்வார்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வாரம் வராமல் இருந்துகொள்ளலாம். பெருந்தீ அப்படி யாருக்கும் தேதி சொல்வதில்லை. எல்லா வகைக் காட்டுக்கும் இது பொருந்தாது என்பதும் உண்மை. ஈரக்காடுகளில் தீ வைப்பது கொலைதான்.

போன வருடம் அந்தக் காட்சி முனைக்கு மூவரும் மறுபடி போனோம். இந்த முறை வேனில் தொடங்குவதற்கு முன்பே, அதுவும் ஐந்து நாள் நடைக்கு இல்லை, இரண்டு நாளுக்கு. வேண்டாம் என்றால் திரும்பிவிடக்கூடிய பாதையாகப் பார்த்து எடுத்தோம், மாற்றாக வேறு திசையில் இன்னொரு இடமும் குறித்து வைத்திருந்தோம். அனுமதி வாங்கி விட்டுக்கொடுத்தால் காசு போகும், போகட்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சைத் தொடங்கியவள் நான்தான், அதைத் தம்பி மறக்காமல் பதிவு செய்யச் சொன்னான்.

மலைத்தொடர் முழுதாக நின்றது. பலகையின் கோடுகளும் எதிரே தெரிந்த விளிம்பும் அப்படியே பொருந்தின. தோழி விரலால் தொட்டுத் தொட்டுச் சிகரங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, எதிர்ச் சரிவிலிருந்து மெல்லிய வெண்புகை ஒன்று நூல் மாதிரி எழும்பியது. தம்பியின் கை சட்டென்று போனுக்குப் போனது.

"டேய், இரு. வர்ற வழியில பாத்தோமே" என்றாள் அவள்.

கீழே சாலையோரம் ஒரு மஞ்சள் பலகை வைத்திருந்தார்கள். திட்டமிட்ட எரிப்பு நடக்கிறது, புகை தெரிந்தால் அழைக்க வேண்டாம் என்று. அவள் பையிலிருந்து என்95 மாஸ்க்கை எடுத்து மாட்டி, மூக்கின் மேல் கம்பியை அழுத்திவிட்டுக்கொண்டாள். நூல் மெதுவாகப் பட்டையாகி ஒரு சிகரத்தின் பாதியை மறைத்தது. அவள் பலகையைக் குனிந்து பார்த்து அதன் பெயரைப் படித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினாள்.